மாணவர் அரங்கம்: குறிப்பு எடுத்தலும் படம் எடுத்தலும்



பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்த நம்மவர் குடும்பங்களில் பிள்ளைகளின் படிப்பைக் காட்டிலும் பெரிய செலவும் இல்லை. பெரிய நம்பிக்கையும் இல்லை. குடியிருப்பது ஓர் அறையே ஆயினும், அதன் ஒரு மூலை பிள்ளை படிப்பதற்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும். இன்று அந்த மூலையில் புத்தகப் பைக்குப் பக்கத்தில் கைப்பேசியோ டேப்லெட்டோ இடம் பெற்றுவிட்டது. 2020-ஆம் ஆண்டில் தொற்றுநோய் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டபோது பல வீடுகளில் படிப்புக்கென்று நுழைந்த அக்கருவி, பள்ளிகள் திறந்த பின்னும் வெளியேறவில்லை. அது வந்தது நன்மைக்கா தீமைக்கா என்று வாதிட்டுக் கொண்டிருப்பதில் இனிப் பயனில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு நம் பிள்ளைகள் எவ்வாறு பாடக்குறிப்பு எடுக்கின்றனர் என்பதே நாம் கவனிக்க வேண்டியது. இத்திங்கள் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மும்பையில் நம் சங்கத்து நூலகத்தில் அமர்ந்திருந்தேன். சாக்கிநாக்காவில் ஒரு லேத்துப் பட்டறையில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை செய்யும் நண்பர் ஒருவர் தம் மகளுடன் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்தவர். மகள் பத்தாம் வகுப்பு, ஆங்கில வழியில் படிக்கிறாள். அவ்வீட்டில் பத்தாம் வகுப்பைத் தொட்ட முதற்பிள்ளை அவளே. வழக்கமாகச் சிரித்துக்கொண்டு வருபவர் அன்று முகம் வாடியிருந்தார்.

“அண்ணாச்சி, முதற்பருவத் தேர்வில் அறிவியலில் நாற்பதுக்குப் பதினொன்றே வாங்கியிருக்கிறாள். தவணையில் டேப்லெட் வாங்கிக் கொடுத்தேன். இன்னும் ஐந்து தவணை பாக்கி. எப்போது பார்த்தாலும் அதையே வைத்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் ஒரு வரி எழுதி நான் பார்க்கவில்லை. கேட்டால், எல்லாம் இதற்குள்ளேயே இருக்கிறது என்கிறாள். நீங்கள்தான் கேட்டுச் சொல்ல வேண்டும்” என்றார்.

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே எல்லாம் அதற்குள் இருந்தன. கரும்பலகையைப் பிடித்த படங்கள் அறுநூற்றுக்கும் மேல்; ஆசிரியர் அனுப்பிய பி.டி.எஃப். கோப்புகள்; தோழியர் குழுவில் வந்த விடைத்தாள்கள்; வகுப்பில் பேசியதை அப்படியே பதிந்த ஒலிப்பதிவுகள் நாற்பது. ஒவ்வொன்றும் ஐம்பது நிமிடம். அவற்றை ஒருமுறை கேட்டு முடிக்கவே முப்பத்து மூன்று மணி நேரத்துக்கு மேல் வேண்டும். “இவற்றில் எதையாவது திரும்பக் கேட்டாயா அம்மா?” என்றேன். “இல்லை, பெரியப்பா. பரீட்சைக்கு முன் கேட்கலாம் என்று வைத்திருந்தேன்” என்றாள்.

“சரி, ஒன்று மட்டும் சொல். வீட்டில் ஃபியூஸ் கம்பி ஏன் எரிந்து போகிறது?” என்று கேட்டேன். அவள் உடனே டேப்லெட்டைத் திறந்து படங்களைத் தள்ளத் தொடங்கினாள். நடுவே உறவினர் வீட்டுத் திருமணப் படங்கள் வந்தன, பிறகு வேதியியல், பிறகு யாரோ ஒருவருடைய பிறந்தநாள். ஏழெட்டு நிமிடங்கள் கழித்து அந்தப் பலகைப் படம் கிடைத்தது. அதில் ஒரு சூத்திரம் இருந்தது. அதைப் படித்தாள். அதன் பொருள் என்ன என்று கேட்டபோது அவள் கண்கள் கலங்கின. தந்தை வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்பெண் சோம்பேறி அல்லள். ஒரு வகுப்பும் தவறாமல் சென்றவள். ஒரு பலகையும் விடாமல் படம் பிடித்தவள். உழைப்பு இருந்தது, அந்த உழைப்பு கருவிக்குள் போயிற்று, கருத்துக்குள் போகவில்லை. இந்த நிலை அவள் ஒருத்திக்கு மட்டும் உரியதன்று என்பதால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

குறிப்பு எடுத்தலால் விளையும் பயன்கள் இரண்டு. ஒன்று, பின்னால் எடுத்துப் பார்ப்பதற்கு ஒரு பொருளைச் சேமித்து வைத்தல். மற்றொன்று, எடுக்கும்போதே மனம் அப்பொருளைப் பிரித்து, ஆராய்ந்து, தன்னுடையதாக்கிக் கொள்ளுதல். கல்வி உளவியலார் 1970-களிலிருந்தே இவ்விரண்டையும் தனித்தனியாகப் பிரித்து ஆராய்ந்து வருகின்றனர். படம் பிடிப்பதும் ஒலியைப் பதிவதும் முதற்பயனை மட்டுமே தருகின்றன. இரண்டாவது பயனைத் தர எந்தக் கருவியாலும் ஆகாது. அது மாணவன் செய்ய வேண்டிய வேலை.

இதற்குச் சான்றாக ஒரு சோதனையைச் சொல்லலாம். அமெரிக்காவில் லிண்டா ஹென்கல் என்னும் உளவியல் பேராசிரியை, ஒரு கலைக்காட்சிச் சாலைக்கு மாணவரை அழைத்துச் சென்று, சில பொருள்களைப் பார்க்க மட்டும் செய்தார். வேறு சிலவற்றைப் படம் பிடிக்கச் செய்தார். மறுநாள் கேட்டபோது, முழுமையாகப் படம் பிடித்த பொருள்களைக் காட்டிலும் வெறுமே கண்ணால் பார்த்தவையே நன்கு நினைவிலிருந்தன. ஆனால் ஒரு பொருளின் ஒரு பகுதியை நெருங்கிப் படம் பிடித்தபோது அந்தக் குறை காணப்படவில்லை. 2014-இல் வெளியான இந்த ஆய்வு நமக்குச் சொல்வது யாது? கருவி பார்த்துக்கொள்ளும் என்று மனம் ஓய்ந்துவிடுகிறது. எதைப் பிடிப்பது என்று தேர்ந்தெடுக்க நேரும்போது மனம் மீண்டும் விழித்துக்கொள்கிறது.

அதே 2014-இல் பாம் முல்லர், டேனியல் ஓப்பன்ஹைமர் என்னும் இருவர் மற்றோர் ஆய்வை வெளியிட்டனர். மடிக்கணினியில் தட்டச்சுச் செய்து குறிப்பெடுத்தவர்கள் ஆசிரியர் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் பதிந்தனர். கையால் எழுதியவர்கள் அவ்வளவு வேகமாக எழுத இயலாமையால் சுருக்கி எழுதினர். பொருள் விளக்கும் வினாக்களில் கையால் எழுதியவர்களே சிறந்தனர் என்பது அவர்கள் கண்ட முடிவு. அதைப் படித்துவிட்டுக் கணினியையே தூக்கி எறிய வேண்டும் என்றவர்களும் உண்டு. ஆனால் 2019-இலும் 2021-இலும் வேறு அறிஞர்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது வேறுபாடு அவ்வளவு தெளிவாக வெளிப்படவில்லை. ஆகையால் பேனா உயர்ந்தது, விசைப்பலகை தாழ்ந்தது என்று தீர்ப்புக் கூற நமக்கு உரிமையில்லை. எதனால் எழுதினாலும், கேட்டதை அப்படியே நகல் எடுப்பவன் எழுத்தனாகிறான்; கேட்டதைத் தன் சொல்லில் சுருக்குபவன் மாணவனாகிறான். இவ்வளவே நாம் கொள்ளத்தக்கது.

மீண்டும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பெண் தலை குனிந்திருக்க, தந்தை தம் சட்டைப் பையில் கைவிட்டு எதையோ எடுத்து ஒரு தேதியைப் பார்த்தார். எண்ணெய்க் கறை படிந்த, உள்ளங்கை அளவுள்ள ஒரு சிறு நோட்டு. “அது என்ன?” என்று கேட்டு வாங்கிப் பார்த்தேன். பட்டறைக் குறிப்பு. எட்டாம் வகுப்போடு நின்றவர் எழுதியது. அதில் இப்படி இருந்தது:

“அரை இஞ்சு விட்வொர்த் — இஞ்சுக்கு 12 மரை.”

“எஸ்.எஸ். ஜாப் — ஸ்பீடு குறை. கூலண்ட் நிறுத்தாதே.”

“ஜாப் சூடாக இருக்கையில் அளந்தேன். ஆறியதும் அளவு குறைந்துவிட்டது. இனி ஆறவிட்டு அளக்கணும்.”

மகளிடம் அதைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். “உன் அப்பா ஒரு நாளில் பட்டறையில் எத்தனையோ செய்கிறார். அத்தனையையுமா எழுதியிருக்கிறார்? நாளைக்கு எது தேவைப்படுமோ அதை மட்டும் எழுதியிருக்கிறார். முதலாளி சொன்ன சொல்லிலா எழுதியிருக்கிறார்? தம் சொல்லில் எழுதியிருக்கிறார். தாம் செய்த தவற்றையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். எழுதி மூடி வைக்கவில்லை. ஓரங்கள் தேய்ந்திருப்பதைப் பார், அடிக்கடி எடுத்துப் பார்க்கிறார். நீ கற்க வேண்டிய முறை முழுவதும் இந்தச் சட்டைப் பையில் இருக்கிறது அம்மா” என்றேன். அவள் தந்தையை நிமிர்ந்து பார்த்தாள். அவர் கூச்சத்துடன், “அது ஏதோ கிறுக்கி வைத்தது, அண்ணாச்சி” என்றார்.

தேர்ந்தெடுத்தல், தன் சொல்லில் எழுதுதல், திரும்பத் திரும்பப் பார்த்தல் — குறிப்புக்கு இம்மூன்றே இலக்கணம். இவற்றை இன்றைய கருவிகளைக்கொண்டு எவ்வாறு செய்வது என்பதை இனி வரிசையாகக் கூறுகிறேன்.

முதலாவது, பக்கத்தைப் பகுத்தல். கார்னெல் பல்கலைக்கழகத்தில் கற்பித்த வால்டர் பாக் என்பவர், கல்லூரிப் படிப்பு முறையைப் பற்றி 1962-இல் வெளியிட்ட நூலில் ஒரு முறையை விளக்கினார். இன்றும் அது கார்னெல் முறை என்றே வழங்குகிறது. தாளின் இடப்புறம் இரண்டரை அங்குலம் விட்டு ஒரு கோடு. அடியில் இரண்டு அங்குலம் விட்டு ஒரு கோடு. வலப்புறம் உள்ள பெரிய கட்டத்தில் வகுப்பின்போது சுருக்கமாகக் குறிப்பு. வகுப்பு முடிந்தபின் அன்றே இடப்புறத்தில், அக்குறிப்பு எந்தக் கேள்விக்கு விடையோ அந்தக் கேள்வி. அடியில், பக்கம் முழுவதன் சாரம் இரண்டு மூன்று வரிகளில். படிக்கும்போது வலப்புறத்தை மறைத்துக்கொண்டு, இடப்புறக் கேள்விக்குத் தானே விடை சொல்லிப் பார்க்க வேண்டும்.

இதற்குத் தனிச் செயலி எதுவும் வேண்டியதில்லை. கூகுள் டாக்ஸிலோ ஒன்நோட்டிலோ இரண்டு கட்டங்கள் உள்ள ஓர் அட்டவணையும் அதன் அடியில் ஒரு நீண்ட கட்டமும் வரைந்து, அதை வெற்றுப் படிவமாக வைத்துக்கொண்டால் போதும்; ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு நகல் எடுத்துக்கொள்ளலாம். டேப்லெட்டில் எழுதுகோல் உள்ளவர்கள் கையாலேயே எழுதலாம். வகுப்பில் கருவியை அனுமதிக்காத பள்ளிகள் பல. அப்படியானால் நோட்டில் கோடிட்டு எழுதி, மாலையில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் படம் பிடித்துச் சேர்க்கலாம். பலகையைப் பிடித்த படத்துக்கும், தன் கையெழுத்துப் பக்கத்தைப் பிடித்த படத்துக்கும் வேறுபாடு மிகப் பெரிது.

ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். மேலே சொன்ன ஃபியூஸ் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். வலப்புறத்தில்: “வெப்பம் = மின்னோட்டத்தின் வர்க்கம் × மின்தடை × நேரம். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி, 220 வோல்ட்டில் சுமார் 4.5 ஆம்பியர். 5 ஆம்பியர் ஃபியூஸ் தாங்கும்.” இடப்புறத்தில்: “அதே இணைப்பில் இன்னொரு 1000 வாட் கெட்டிலும் போட்டால் என்ன ஆகும்?” அடியில்: “மின்னோட்டம் இரு மடங்கானால் ஃபியூஸ் கம்பியில் எழும் வெப்பம் இரு மடங்கன்று, நான்கு மடங்கு. அதனால் கம்பி உருகி இணைப்பை அறுக்கிறது. வீட்டுக் கம்பிகள் தப்பிக்கின்றன.” இவ்வளவே. பலகைப் படங்கள் ஐந்து சொல்லாததை இந்த ஒரு பக்கம் சொல்லிவிடுகிறது.

இங்கே நம் குடும்பங்களுக்கே உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலத்தில் கேட்கின்றனர். தெருவில் இந்தியோ மராத்தியோ பேசுகின்றனர். வீட்டில் தமிழ் பேசுகின்றனர். இது சுமை என்று பலர் நினைக்கின்றனர். குறிப்பு எடுப்பதில் இதுவே துணையாகும். அடிக்கட்டத்துச் சாரத்தைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். ஆங்கிலப் பாடத்தை ஆங்கிலத்திலேயே சுருக்கும்போது, புரியாத சொல்லையும் அப்படியே எடுத்து வைத்துவிட இடமுண்டு. தமிழில் எழுத வேண்டுமாயின் புரியாமல் ஒரு வரியும் நகராது. தேர்வு ஆங்கிலத்தில் நடப்பதால் கலைச்சொற்களை மட்டும் ஆங்கிலச் சொல்லாகவே வைத்துக்கொண்டு, விளக்கத்தைத் தமிழில் எழுதலாம். தமிழ் எழுதப் பழகாத பிள்ளை, கைப்பேசியில் தமிழில் பேசினாலே அது எழுத்தாகும் வசதி இருக்கிறது. எழுத்துப் பிழைகளைத் திருத்துகையில் தமிழும் சேர்ந்து வளரும்.

தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும் பழக்கத்தை மட்டும் குறிப்பேட்டில் தவிர்க்க வேண்டும். காரணம் பற்று மட்டுமன்று. பயனும் கருதியே சொல்கிறேன். ‘மின்சாரம்’ என்பதை ஒரே பிள்ளை மூன்று விதமான ஆங்கில எழுத்துக் கூட்டலில் எழுதும். பிறகு தேடும்போது ஒன்று கிடைத்தால் மற்றவை கிடைக்கமாட்டா. தமிழ் எழுத்தில் எழுதினால் ஒரே எழுத்துக் கூட்டல், தேடியவுடன் அகப்படும். சென்னையில் 1999-இல் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி வகுக்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கமும் அமைந்திருப்பதால், நாளும் சிறிது நேரம் பழகினால் சில வாரங்களில் கை வந்துவிடும்.

இரண்டாவது, பெயரிட்டு அடுக்குதல். சமையலறையில் எந்த டப்பாவில் எது இருக்கிறது என்று இல்லத்தரசி இருட்டிலும் அறிவாள். அவ்வாறே குறிப்புகளும் இருக்க வேண்டும். கோப்பின் பெயரில் முதலில் ஆண்டு, பின் மாதம், பின் நாள், அதன்பின் பாடம், இறுதியில் தலைப்பு. “2025-07-14 அறிவியல் மின்சாரம்” என்பது போல. ஆண்டை முன்னால் இடுவதற்குக் காரணம் உண்டு: கணினி பெயர்களை முதல் எழுத்திலிருந்து ஒப்பிட்டே வரிசைப்படுத்துகிறது, நாளை முன்னால் இட்டால் எல்லா மாதத்து முதல் தேதிகளும் ஒன்றாகக் கலந்துவிடும். பாடத்துக்கு ஓர் உறை. எல்லாவற்றுக்கும் ஒரே இடம். ஒரு பாடம் ஒரு செயலியிலும் மற்றொன்று வேறொரு செயலியிலும் இருத்தல் கூடாது. பாடப் படங்களைக் குடும்பப் படங்களோடு கலக்கவிடாமல் அன்றன்றே தனி உறைக்கு மாற்றிவிட வேண்டும். ஞாயிறுதோறும் அரைமணி நேரம் இதற்கென ஒதுக்கி, வேண்டாதவற்றை அழித்துவிடுவது நலம். அழிக்க அஞ்சுகிற பிள்ளை தேர்ந்தெடுக்கக் கற்கவில்லை என்று பொருள்.

மூன்றாவது, காத்தல். சென்ற ஆண்டு நம் சங்கத்துப் பிள்ளை ஒருவன் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கையில், தாதர் நிலையத்தில் ரயில் ஏறும் நெரிசலில் கைப்பேசியைத் தண்டவாளத்தில் தவறவிட்டான். ஓர் ஆண்டுக் குறிப்பு முழுவதும் அதில் மட்டுமே இருந்தது. கருவி போனால் வேறு வாங்கலாம். போன ஆண்டை எங்கே வாங்குவது? ஆகையால் கருவியில் ஒரு படி, இணையச் சேமிப்பில் ஒரு படி, மாதம் ஒருமுறை பென் டிரைவில் ஒரு படி என வைத்துக்கொள்ளுங்கள். இணையச் சேமிப்பின் கடவுச்சொல்லைப் பெற்றோரும் ஒரு தாளில் குறித்துப் பத்திரப்படுத்தி வைக்கலாம்.

நான்காவது, திரும்பப் பார்த்தல். இதுவே யாவற்றினும் முக்கியமானது. 1885-இல் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு விரைவில் மறக்கின்றன என்று அளந்து வெளியிட்டார். மறதியின் பெரும்பகுதி முதல் நாளிலேயே நிகழ்ந்துவிடுகிறது என்று கண்டார். ஆகவே அன்றைய குறிப்பை அன்றே ஒருமுறை பார்ப்பது, பத்து நாள் கழித்து நெடுநேரம் பார்ப்பதைவிட எளிது.

பார்ப்பது என்றால் திரும்பத் திரும்ப வாசிப்பதன்று. ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி என்னும் இருவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சாரார் பாடத்தை மீண்டும் வாசித்தனர். மற்றொரு சாரார் ஏட்டை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்தினர். ‘இரவெல்லாம் படித்தேனே, தேர்வில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லையே’ என்று கலங்கும் பிள்ளைகளின் துயருக்குக் காரணம் இதில் தெரிகிறது. வாசிக்கையில் தெரிந்ததுபோல் தோன்றுவது வேறு, தெரிந்திருப்பது வேறு.

இதற்குக் கேள்வி அட்டைகள் உதவும். செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972-இல் எழுதிய நூலில் அட்டைப்பெட்டி முறையை விளக்கினார். அட்டையின் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும். அதை நாள் தள்ளிப் பார்க்கலாம். தவறியது முதல் அறைக்கே திரும்பும். அதை நாளையே பார்க்க வேண்டும். இவ்வாறு நாள் தள்ளிக் கேட்கும் வேலையைத்தான் 2006-இல் தோன்றிய ஆங்கி போன்ற செயலிகள் தாமே கணக்கிட்டுச் செய்கின்றன. கணினியிலும் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் ஆங்கி இலவசம். ஐபோனில் விலை உண்டு. பிறர் செய்த அட்டைகளை இறக்கிக்கொள்வதைவிடத் தன் இடப்புறக் கேள்விகளையே அட்டையாக்குவது நன்று. ஓர் அட்டைக்கு ஒரு கேள்வி. நாளுக்கு ஐந்தாறு புதிய அட்டை. அதற்கு மேல் வேண்டா. செயலி இல்லாத வீட்டில் பழைய திருமண அழைப்பிதழ்களை வெட்டி அட்டை செய்தாலும் அதே பயன்தான்.

இன்னொன்று சொல்லாவிடில் இக்கட்டுரை குறையுடையதாகும். பாடத்தைக் கொடுத்தால் நொடியில் சுருக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இப்போது பிள்ளைகளின் கையில் உள்ளன. சுருக்கம் அழகாகவே வருகிறது. ஆனால் சுருக்கும் வேலைதான் கற்கும் வேலை என்று மேலே கண்டோம். அதைப் பிறரிடம் கொடுத்துவிட்டால் நமக்கு மிஞ்சுவது தாள் மட்டுமே. நமக்காக வேறொருவர் உடற்பயிற்சி செய்தால் யார் உடல் வலுக்கும்? ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதலில் தானே சாரம் எழுத வேண்டும். பிறகு அச்செயலியிடம், “இந்தப் பாடத்தில் என்னைப் பத்துக் கேள்வி கேள்” என்று சொல்லலாம், “நான் எழுதியதில் விடுபட்டது எது?” என்று கேட்கலாம். அது சில வேளைகளில் தவறானதையும் துணிந்து சொல்லும். ஆதலால் அதன் விடையைப் பாடநூலோடு ஒப்பிட்டே ஏற்க வேண்டும். மகாராட்டிர மாநிலப் பாடநூல்களும் என்.சி.இ.ஆர்.டி. பாடநூல்களும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

பெற்றோர்க்கு ஒரு விண்ணப்பம். பிள்ளை கருவியோடு அமர்ந்திருப்பதைப் பார்த்து, படிக்கிறது என்று மகிழவும் வேண்டா. விளையாடுகிறது என்று சினக்கவும் வேண்டா. இரவு உணவின்போது, “இன்று எழுதிய சாரம் ஒன்றைப் படித்துக் காட்டு” என்று கேளுங்கள். உங்களுக்கு அப்பாடம் தெரியாதிருப்பது நல்லதே. தெரியாதவருக்கு விளங்கும்படி சொல்லத் தெரிந்தால்தான் பிள்ளைக்கு அது தெரியும். படிக்கும் நேரத்தில் கருவியின் அறிவிப்பு மணிகளை நிறுத்தி வைக்கச் செய்யுங்கள். வீட்டில் ஒரே கைப்பேசி இருந்து, அதுவும் தந்தையோடு வேலைக்குப் போய்விடுமாயின் வருந்த வேண்டா. கோடிட்ட ஒரு நோட்டும் பேனாவும் மேலே சொன்ன நான்கில் மூன்றைச் செய்துவிடும். காப்புப் படி ஒன்றுக்கு மட்டும் கைப்பேசி போதும். அது ஞாயிற்றுக்கிழமை நடக்கலாம்.

அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்பீர்கள். அன்று முதல் ஆறு வாரம் அவள் ஞாயிறுதோறும் நூலகத்துக்கு வந்தாள். அறுநூறு படங்களில் இப்போது இருப்பவை நாற்பதுக்கும் குறைவு. முதல் இரண்டு வாரம், “நேரம் அதிகம் ஆகிறது, பெரியப்பா” என்று குறைபட்டாள். உண்மைதான். படம் பிடிக்க ஒரு நொடி. சாரம் எழுதக் கால் மணி. இடையில் நடந்த வகுப்புத் தேர்வில் இருபதுக்குப் பன்னிரண்டு வாங்கினாள். பெரிய வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். பொதுத்தேர்வு இனிமேல்தான் இருக்கிறது. ஆனால் தந்தை மகிழ்ந்து சொன்னது மதிப்பெண்ணைப் பற்றியன்று.

ஊரிலிருந்து அவருடைய தாயார் பேசினாராம். வீட்டில் அடிக்கடி ஃபியூஸ் போய்விடுகிறது, யாரோ இனிமேல் கனமான கம்பியாகப் போட்டுவிடச் சொன்னார்கள் என்று சொல்லியிருக்கிறார். பேத்தி கைப்பேசியை வாங்கி, “ஆச்சி, அப்படிப் போட்டுவிடாதீர்கள். அந்தச் சின்னக் கம்பி எரிவதால்தான் வீடு எரியாமல் இருக்கிறது. மோட்டார் ஓடும்போது இஸ்திரிப் பெட்டியைப் போடாதீர்கள்” என்று தொடங்கி, தமிழில், நிறுத்தி நிறுத்தி, எல்லாவற்றையும் விளக்கினாளாம். டேப்லெட் அப்போது அலமாரியில் இருந்தது.

“எங்கம்மாவுக்குப் புரிந்துவிட்டது, அண்ணாச்சி” என்றார் நண்பர்.

தங்கள் பிள்ளைகளின் குறிப்பேட்டையோ கருவியையோ எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்க நூலகத்துக்கு வர விரும்பும் அன்பர்கள் தாராளமாக வரலாம். கோடிட்ட படிவம் ஒன்று அங்கே வைத்திருக்கிறோம்; தாளாகவும் பெறலாம், கைப்பேசியிலும் பெற்றுக்கொள்ளலாம். அதை எப்படி நிரப்புவது என்று புதியவர்களுக்குக் காட்டும் வேலையை அந்தப் பெண்ணே ஏற்றுக்கொண்டிருக்கிறாள்.